சாதனக் கோப்பு காணப்படாப் பிழை

சாதனக் கோப்பு காணப்படாப் பிழை என்பது விண்டோஸ் 95, 98 பணிசெயல் முறைமைகள் தொடங்கும்போது கறுப்புத் திரையில் தோன்றிய அறிவிப்பு. விண்டோஸோ அதில் இயங்கும் மென்பொருளோ கேட்கக்கூடிய ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்று அது சொல்லும். கோப்பின் பெயர் கடைசியில் இருக்கும். ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால் கணினி பெரும்பாலும் மேலே தொடரும்.

இங்கே குறிக்கப்படுவது ‘விஎக்ஸ்டி’ என்று பெயர் முடியும் செலுத்தி மென்பொருள், விண்டோஸ் 3.1 காலத்தவை ‘386’ என்று முடியும். தொடக்கத்தில் ஏற்றவேண்டியவற்றின் பெயர்கள் விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியிலும் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பிலும் பதிந்திருந்தன. விலகிப்போன பிள்ளையின் பெயரை வரவு இடாப்பில் வெட்டாமல் விட்டால் ஆசிரியர் காலைதோறும் அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இந்தப் பிழையும் அப்படித்தான். மென்பொருளை முறைப்படி நீக்காமல் அதன் கோப்புறையை மட்டும் அழித்துவிடுவதே வழக்கமான காரணம்.

கல்லடி, காத்தான்குடி போல மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில் உப்புக்காற்று உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். அங்கே கணினி மக்கர் செய்தால் பெட்டியைத் திறந்து அட்டைகளைத் துடைக்கத் தோன்றும். இந்தப் பிழை அதற்குத் தீராது. சாதனம் நல்ல நிலையில் இருந்தாலும் இது வரும். மாரிகாலத்தில் திடீரென மின்சாரம் நிற்பது வேறு கதை. விண்டோஸ் 98 பயன்படுத்திய ஃபேட் கோப்பு முறைமையில், பாதியில் நின்ற எழுத்தைச் சரிக்கட்டும் குறிப்பேடு இல்லை. கோப்போ ரெஜிஸ்ட்ரியோ அப்போது உண்மையாகவே பழுதாகலாம்.

திருத்துவதற்கு முன் அறிவிப்பிலுள்ள கோப்பின் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அது நீக்கிய மென்பொருளுக்கு உரியதானால், அதை மறுபடி நிறுவி, கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்குவதே பாதுகாப்பானது. பதிவும் பொதுவாகக் கூடவே போய்விடும். அதற்கு வழியில்லாதபோது கையால் திருத்தலாம். ‘386’ என முடியும் பெயரானால் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் அந்த வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இட்டால் போதும். ‘விஎக்ஸ்டி’ ஆனால் ரெஜிஸ்ட்ரியில் சேவைகள் பகுதியின் விஎக்ஸ்டி கிளையில் அதன் ‘ஸ்டாட்டிக் விஎக்ஸ்டி’ பதிவை நீக்க வேண்டும். பெயரே காட்டாமல் அறிவிப்பு வந்தால், அதே கிளையில் மதிப்பு வெறுமையாகக் கிடக்கும் பதிவைத் தேட வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் படியை எடுத்து வைக்காமல் இவற்றில் கைவைக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் விண்டோஸே தொடங்காமல் போகலாம். அந்நிலையில் விண்டோஸ் 98இல் டாஸ் நிலைக்குச் சென்று ‘ஸ்கேன்ரெக் /ரெஸ்டோர்’ கட்டளையை இட்டால், முறைமை தானே சேமித்துவைத்த படிகளில் ஒன்றை மீட்கலாம். வழக்கமாக அவை ஐந்து வரை இருக்கும்.

காணாமற்போனது விண்டோஸுக்கே சொந்தமான கோப்பானால் பதிவை அழிப்பது தவறு. அறிவிப்பு நிற்கும், சாதனம் ஊமையாகவே இருக்கும். நிறுவல் குறுவட்டிலுள்ள கேப் கோப்பிலிருந்து அதை எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். விண்டோஸ் 98இல் இதற்கென்றே சிஸ்டம் ஃபைல் செக்கர் என்ற கருவி இருந்தது.

விஎக்ஸ்டி வழியில் வந்த கடைசிப் பதிப்பு 2000இல் வெளியான விண்டோஸ் மில்லேனியம். எக்ஸ்பி முதலானவை என்டி வழியில் வந்தவை. அவற்றில் விஎக்ஸ்டி இல்லை. லினக்ஸில் இதற்கு நெருங்கிய பிழை, மூலப் பிரிவு இருக்கும் சாதனத்தைக் காணோம் என்று தொடக்கம் நின்றுபோவது. வன்தட்டை மாற்றியபின் இது நேர்ந்தால், ‘பிஎல்கேஐடி’ கட்டளை காட்டும் அடையாள எண்ணைத் துவக்க அமைப்பில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.