எம் புக்கும் மஸ்டர் ரோலும்: ரைசினா முதல் ஆசியாட் வரை தில்லியின் கட்டுமான ஒப்பந்தங்கள்

புதுதில்லி நகராட்சியின் தோற்றம் குறித்த ஒரு செய்தி வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்துபோகிறது. 1916இல் ‘ரைசினா நகராட்சிக் குழு’ என்ற பெயரில் அது அமைக்கப்பட்டபோது, அங்கே நகரம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. வரி செலுத்தும் குடிகளும் இல்லை. தலைநகரைக் கட்ட வந்து குவிந்திருந்த கூலித் தொழிலாளர்களின் சுகாதாரத் தேவைகளைக் கவனிப்பதற்காகவே அக்குழு அமைக்கப்பட்டது. தெருவும் மாளிகையும் எழுவதற்கு முன்பே, அவற்றைக் கட்டுவோரின் கழிவையும் குடிநீரையும் கவனிக்க ஒரு நகராட்சி தேவைப்பட்டது. அத்தொழிலாளர்களை வேலைக்கு வைத்தவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் அரசின் ஏடுகளில் நேரான விடை கிடைக்காது. அதற்கான காரணம் ஒப்பந்த முறையிலேயே இருக்கிறது.

1911 டிசம்பர் 12 தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார். 1912இல் ஸ்விண்டன், பிராடி, லட்யென்ஸ் ஆகிய மூவரும் அடங்கிய நகரமைப்புக் குழு இடத்தைத் தேர்வுசெய்யும் பணியைத் தொடங்கியது. தலைமை ஆணையர் மால்கம் ஹெய்லியின் தலைமையில் 1913இல் ‘இம்பீரியல் தில்லி கமிட்டி’ பொறுப்பேற்றது. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் ரைசினா, மால்சா முதலிய சிற்றூர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. முதலில் பேசப்பட்ட மதிப்பீடு ஏறத்தாழ 40 லட்சம் பவுன். பணி முடிந்தபோது செலவு அதன் இரு மடங்கையும் தாண்டியிருந்தது. இடையே உலகப் போரும், அதன் பின் 1922இல் அமைந்த இஞ்ச்கேப் சிக்கனக் குழுவும் குறுக்கிட்டன. இவையெல்லாம் பலரும் எழுதியவை.

அதிகம் எழுதப்படாதது வேலையை நிறைவேற்றிய முறை. டல்ஹவுசியின் காலத்தில், 1854இல், பழைய ராணுவ வாரியங்களுக்குப் பதிலாகப் பொதுப்பணித்துறை உருவானதிலிருந்து அரசு கட்டுமானத்துக்கு இரு வழிகள் இருந்துவந்தன. ஒன்று, துறையே ஆள் வைத்து வேலை செய்வது. மற்றொன்று, முத்திரையிட்ட உறைகளில் ஒப்பந்தப்புள்ளி கோரி, முன்வைப்புத் தொகை பெற்று, விலைப்பட்டியலோடு ஒப்புநோக்கி, குறைந்த விலை கேட்டவரிடம் வேலையை ஒப்படைப்பது. இரண்டுக்கும் கணக்கேடுகள் வேறு. முதல் வழியில் மஸ்டர் ரோல்: அதில் ஆளின் பெயர், வந்த நாள், கூலி ஆகியவை பதிவாகும். இரண்டாம் வழியில் அளவுப் புத்தகம். தமிழகப் பொறியாளர்களின் பேச்சில் ‘எம் புக்’. அதில் நீளம், அகலம், உயரம், கன அடி. ஓவர்சியர் அளந்து எழுதுவார், பொறியாளர் சரிபார்ப்பார், பட்டியல் தயாராகும். சுவரின் கன அளவு துல்லியமாக இருக்கும். சுவரை எழுப்பியவரின் பெயருக்கு அந்த ஏட்டில் கட்டமே கிடையாது.

இந்த வேறுபாட்டை வெறும் எழுத்தர் வேலையாகக் கொள்வது பிழை. ஒப்பந்தம் என்பது விலையை நிர்ணயிக்கும் கருவி மட்டுமன்று, பொறுப்பைக் கைமாற்றும் கருவியும்கூட. மஸ்டர் ரோலில் உள்ளவருக்கு அரசு கூலி தர வேண்டும். எம் புக்கில் உள்ள கன அடிக்கு அரசு விலை தந்தால் போதும். குறைந்த விலைப்புள்ளி வெல்லும் விதி இதனோடு சேரும்போது விளைவை ஊகிப்பது எளிது. செங்கல்லும் கல்லும் சுண்ணாம்பும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே விலை. விலைப்புள்ளியைக் குறைக்க ஒப்பந்ததாரரின் கையில் மிஞ்சுவது கூலி ஒன்றே.

புதுதில்லியில் இரு முறைகளும் அருகருகே இயங்கின. தோல்பூரிலிருந்தும் பரத்பூரிலிருந்தும் வந்த மணற்கல்லை அறுத்துச் செதுக்கிய பெரும் கல்பட்டறையை அரசே நடத்தியது. கல்லையும் மண்ணையும் சுமக்கத் தனி ரயில் பாதையே போடப்பட்டது. கட்டடங்களோ ஒப்பந்ததாரர்களிடம் சென்றன. இவர்களில் பலர் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்தவர்கள். ஹடாலி என்னும் ஊரைச் சேர்ந்த சுஜான் சிங்கும் அவர் மகன் சோபா சிங்கும் கால்கா–சிம்லா ரயில் பாதையில் வேலை செய்து தொழில் பழகியவர்கள். தலைமைச் செயலகத்தின் தெற்குப் பகுதியும், இன்று ‘இந்தியா கேட்’ எனப்படும் போர் நினைவு வளைவும் சோபா சிங்கின் ஒப்பந்தங்கள். வடக்குப் பகுதி பைசாகா சிங்குடையது. நாராயண் சிங், தரம் சிங் சேத்தி போன்றோரின் பெயர்களும் இப்பட்டியலில் வரும்.

ஒப்பந்த லாபம் விரைவிலேயே நிலமாக மாறியது. யாரும் குடியேறத் தயங்கிய புதிய நகரத்தில் மனைகள் மலிவாகக் கிடைத்தன. வாங்கும் துணிவும் ரொக்கமும் இவர்களிடம் இருந்தன. சோபா சிங்கைப் ‘பாதி தில்லிக்குச் சொந்தக்காரர்’ என்று ஊரார் சொன்னது மிகையானாலும் காரணமற்றதன்று. பின்னாளில் அவர் புதுதில்லி நகராட்சிக் குழுவின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். இது தனிமனிதர் மீதான குற்றச்சாட்டாகாது; அந்த நகராட்சியின் அமைப்பே அப்படி. 1925இல் அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் வந்தது; 1927இல் ‘புதுதில்லி’ என்ற பெயர் வந்தது; தேர்தல் வரவில்லை. நியமன உறுப்பினர்களைக் கொண்ட குழு ஒப்பந்தங்களை அங்கீகரித்தபோது கேள்வி கேட்க வாக்காளர் என்று ஒருவர் இல்லை. தணிக்கையாளர் இருந்தார். அவர் பார்த்ததும் எம் புக்கைத்தான்.

1916இன் குழுவை இந்தப் பின்னணியில் மீண்டும் நோக்க வேண்டும். ஒப்பந்தக் கணக்கிலிருந்து விடுபட்ட அதே ஆண்களும் பெண்களும் நகராட்சிக் கணக்கில் சுகாதாரச் செலவாகத் திரும்பி வந்தார்கள். கூலி ஒப்பந்ததாரரின் விவகாரம். காலராவோ அரசின் விவகாரம். பொறுப்பு இப்படிப் பிளவுபட்டதில் ஆட்சியாளர்கள் முரண் எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பிறகும் இந்தக் கட்டமைப்பு பெரிதும் மாறவில்லை. 1958இல் தில்லி மாநகராட்சி தேர்தலோடு அமைந்தது. ஆனால் புதுதில்லி நகராட்சி 1911ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டத்தின்கீழேயே 1994 வரை இயங்கியது. ஒப்பந்ததாரருக்கும் தொழிலாளிக்கும் இடையே ஜமாதார் என்ற இடைத்தரகர் நிலைபெற்றிருந்தார். தமிழ் வாசகர்களுக்கு இவர் புதியவரல்லர். இலங்கைத் தோட்டங்களின் கங்காணிக்கு நெருங்கிய உறவினர். வேறுபாடு ஒன்று உண்டு: வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தோட்ட நிர்வாகம் தனியே காசு கொடுத்தது, தில்லி ஜமாதாரோ தன் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிடித்தம் எவ்வளவு என்பது 1982இல் உச்ச நீதிமன்றத்தின் ஏட்டில் பதிவாயிற்று. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் அவசரமாக எழுந்துகொண்டிருந்தன. மூன்று சமூக அறிவியலாளர்கள் பணியிடங்களில் கள ஆய்வு செய்து அறிக்கை எழுதினர். அதன் அடிப்படையில் ‘மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம்’ நீதிபதி பி. என். பகவதிக்கு அனுப்பிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9.25 ரூபாய். ஒப்பந்ததாரர் அதை ஜமாதாரிடம் தந்தார். ஜமாதார் ஒரு ரூபாயைக் கழித்து 8.25 ரூபாய் கொடுத்தார். ஒன்றிய அரசு, தில்லி நிர்வாகம், தில்லி வளர்ச்சி ஆணையம் ஆகியவை எதிர் மனுதாரர்கள். இவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பது ரைசினாவின் காலம் முதல் கைவசமிருந்த வாதம்.

செப்டம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டதனால் முதன்மை வேலையளிப்பவரின் கடமை தீர்ந்துவிடாது என்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது, அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. கூலியை இடைத்தரகர் வழியாகவன்றித் தொழிலாளியிடமே நேரில் தர வேண்டும் என்றது. தொழிலாளர் சட்ட மீறல்களுக்குச் சொற்பத் தொகையை அபராதமாக விதித்துவந்த நீதித்துறை நடுவர்களையும் அது கண்டித்தது. சட்ட மாணவர்கள் இதை 23ஆம் பிரிவின் விளக்கமாகப் படிக்கிறார்கள். ஒப்பந்த வரலாற்றின் பக்கமிருந்து படித்தால், எம் புக்கில் இடம்பெறாத பெயர்களுக்கு அரசு பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்ன ஆவணமாகவும் அது தெரியும். அந்தச் சொல்லுக்கு 1916இலிருந்து 66 ஆண்டுகள் ஆயின.

விளையாட்டுப் போட்டி அவ்வாண்டு நவம்பர் 19 அன்று ஜவாஹர்லால் நேரு அரங்கில் தொடங்கியது. அதற்குள் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அங்கே வேலை முடிந்திருந்தது.