உடும்புக்கு ஒரு சங்கம் இல்லை

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972-இல் கிண்டிக்கு இடம் மாறியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் செங்கல்பட்டுப் பகுதியின் இருளர் பழங்குடியினர் பாம்பையும் உடும்பையும் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்துப் பிழைத்தார்கள். சட்டம் அந்தப் பிழைப்பை நிறுத்தியதே தவிர, வேறொன்றைத் தரவில்லை. 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் அதைத் தந்தது. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்புகளை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சு விஷமுறிவு மருந்தாகிறது. கொன்றால் மட்டுமே காசு என்றிருந்த பிராணி, உயிரோடு இருந்தால் காசு என்றானது. 2023-இல் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றார்கள். எவ்வளவு தாமதமான மரியாதை!

உடும்புக்கு இந்த வழி திறக்கவில்லை. மருந்து நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கும் நஞ்சு அதனிடம் இல்லை. இருளர்கள் அதைத் தின்பவர்கள்தானே, அது குறைந்ததற்கு அவர்கள்தானே பொறுப்பு என்று கேட்கலாம். ஒரு குடும்பத்தின் அடுப்புக்குப் போகும் வேட்டையும், வெளிநாட்டுக் கைப்பைக்காகத் தோலை மொத்தமாகக் கேட்ட சந்தையும் ஒன்றல்ல. ஏரிக்கரைகளையும் புதர்க்காடுகளையும் வீட்டுமனைகளாக்கியதும் இருளர்கள் அல்ல. உடும்பு இன்று சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதனால் மூட்டுவலிக்கு உடும்பு எண்ணெய் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.