முயலகனும் டாக்டர் இசட்டும்: வலிப்பின் முதல் அரை நிமிடம்

வலிப்பு நோய்க்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: முயலகன். நடராசர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் அந்தக் குள்ளனின் பெயரும் அதுதான். வடமொழியில் அவன் அபஸ்மாரன். அபஸ்மாரம் என்றால் நினைவு தப்புவது. கொல்லிமழவன் மகளைப் பிடித்திருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். நடந்த இடம் திருப்பாச்சிலாச்சிராமம், இன்றைக்குத் திருச்சி பக்கத்துத் திருவாசி. கொங்கு நாட்டில் அவர் பாடிய தலங்களில் எங்கள் கொடுமுடியும் ஒன்று.

நோய்க்கு ஒரே பெயர், ஒரே உருவம். இன்றைக்கும் நம் மனசில் இருப்பது அந்த ஒரே படம்தான்: ஆள் தடாலென்று விழுவார், கைகால் வெட்டும், வாயில் நுரை. யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணிப்பார்கள். எல்லார் கண்ணும் சாவி மேலே இருக்கும். அதற்கு முந்தின அரை நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூளையில் நோய் எங்கே தொடங்குகிறது என்பதற்கான துப்பு இருப்பதோ பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில்தான். இதை மருத்துவம் கண்டுபிடித்த கதையைத்தான் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

தேர் கிளம்பிய இடம்

1860-களில் லண்டனில் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் இருந்தார். ஸ்கேன் கிடையாது, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. கருவியும் கிடையாது. அவரிடம் இருந்தது பொறுமை ஒன்றுதான். சில பேருக்கு வலிப்பு உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் வருவதில்லை என்று கவனித்தார். கட்டைவிரலில் துடிப்பு தொடங்கும். அப்புறம் கை, முழங்கை, தோள், முகம் என்று வரிசையாக ஏறும். அடுத்த தடவையும் அதே வரிசை.

ஏன் இந்த வரிசை என்று யோசித்தார். மூளையின் மேற்பரப்பில் விரலுக்கு ஓர் இடம், அதையடுத்து கைக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம் என்று இருந்தால்தான் இப்படி நகர முடியும். தேர் வீதி வீதியாகப் போகிற மாதிரி. தேர் முதலில் எந்த வீதியில் தெரிந்தது என்று சொன்னால் நிலை எங்கே என்று ஊகிக்கலாம். வலது கட்டைவிரலில் தொடங்கினால் கோளாறு இடது மூளையில், கையை ஆளும் இடத்தில். 1870-ல் பெர்லினில் ஃப்ரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளையை மின்சாரத்தால் தொட்டு, இடத்துக்கு இடம் வெவ்வேறு தசை அசைவதைக் காட்டினார்கள். நோயாளிகளைப் பார்த்து ஜாக்சன் போட்ட கணக்கு சரியாக வந்தது.

டாக்டர் இசட்

ஜாக்சனின் நோயாளிகளில் ஒருவர் தானே மருத்துவர். 'இசட்' என்ற எழுத்தால்தான் அவரைக் குறிப்பிட்டார். ஆர்தர் தாமஸ் மையர்ஸ் என்ற அவருடைய பெயர் 1980-ல்தான் வெளியே வந்தது. இவர் விழமாட்டார், கைகால் வெட்டாது. திடீரென்று ஒரு நினைவு எழும், இது ஏற்கெனவே நடந்தது என்று தோன்றும், கனவில் இருப்பது போல ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனித்தார்கள்: எதையோ ருசி பார்ப்பது போல வாயை அசைப்பார்.

ஒருநாள் நோயாளி ஒருவரைச் சோதிக்கும்போதே அந்த நிலை வந்துவிட்டது. தெளிந்து பார்த்தால், நோயாளி படுக்கையில் இருக்கிறார். இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறது. சோதித்ததோ எழுதியதோ துளியும் நினைவில்லை. மறுபடி சோதித்தார். நிமோனியா இருந்தது, எழுதியது சரி. நினைவு இல்லாமல், ஆனால் பிழையில்லாமல் ஒருவர் வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வினோதமான சாட்சியத்தை நான் படித்ததில்லை.

1894-ல் அவர் இறந்தார். உடலைச் சோதித்தபோது, இடது மூளையின் பொட்டுப்பக்க மடலில், உள்பக்கமாக, வாசனை அறியும் பகுதியை ஒட்டி ஒரு சின்னச் சிதைவு இருந்தது. ஜாக்சன் அதை 1898-ல் எழுதி வெளியிட்டார். வாயசைப்பு, கனவு நிலை, கெட்ட வாடை என்று தனித்தனியாகக் கிடந்த அடையாளங்களுக்கு மூளையில் ஒரு முகவரி கிடைத்தது.

மாண்ட்ரியாலிலிருந்து வேலூருக்கு

அடுத்த படி கனடாவில். மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மண்டை ஓட்டைத் திறந்து, மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டார். ஓரிடத்தில் கை அசைந்தது. இன்னோரிடத்தில் பழைய நினைவு வந்தது. வலிப்பின்போது வரும் அதே உணர்வு எங்கே வருகிறதோ, அந்த இடமே சந்தேகத்துக்கு உரியது.

அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, கேரளத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் துறையைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். வலிப்புக்கு மூளையில் அறுவை என்பது 1950-களிலேயே வேலூரில் நடந்துவிட்டது.

இன்றைக்கு வீடியோவும் இ.இ.ஜி.யும் சேர்த்துப் பதிகிறார்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ஆனாலும் முதலில் கேட்பது பழைய கேள்விதான்: வந்தபோது என்ன செய்தார்?

வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்று சொல்லிவிட்டு, வெறித்துப் பார்த்து, சப்புக்கொட்டினால் பொட்டுப்பக்க மடல். ஒரு கை சட்டைப் பொத்தானைத் துழாவ, மற்றக் கை முறுக்கிக்கொண்டு நின்றால், முறுக்கிய கைக்கு எதிர்ப்பக்க மூளை. கண்முன் வண்ண வட்டங்கள் சுழன்றால் பின்மண்டை. தூக்கத்தில் திடீரென்று கத்தி, சைக்கிள் மிதிப்பது போலக் காலை உதறி, அரை நிமிடத்தில் அடங்கிவிட்டால் நெற்றி மடல். சந்தோஷமே இல்லாத சிரிப்பு திரும்பத் திரும்ப வந்தால், மூளையின் அடியாழத்தில் ஹைப்போதாலமஸ் பக்கம் ஒரு சின்னக் கட்டி இருக்கலாம். நெற்றி மடலையும் சிரிப்பையும்தான் நம் ஊரில் பேய் என்று அதிகம் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இவை துப்புதான், தீர்ப்பு இல்லை. சில இடங்களில் வலிப்பு தொடங்கினால் வெளியே எதுவும் தெரியாது. பக்கத்து வீதிக்குத் தேர் வந்த பிறகுதான் சத்தம் கேட்கும். அதனால்தான் எது முதலில், எது அடுத்து என்ற வரிசைக்கு இத்தனை மதிப்பு.

வெந்நீர்

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. தலைக்கு வெந்நீர் ஊற்றினால் வரும் வலிப்பு. 1945-ல் நியூசிலாந்தில் ஒருவருக்கு வந்ததாகப் பதிவு உண்டு. ஆனால் கூட்டமாகக் காணப்பட்டது தென்னிந்தியாவில்தான். பெங்களூரில் கே.எஸ். மணி எழுதினார், 1988-ல் நிம்ஹான்ஸின் சதீஷ்சந்திராவும் கூட்டாளிகளும் 279 பேரைப் பற்றி எழுதினார்கள். தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி. சொம்பு சொம்பாக, வேகமாக, உச்சந்தலையில்.

எண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டு, அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சிக் குளிக்கிற கொங்குக்காரர்களுக்கு இது அந்நியமான காட்சி இல்லை. பலருக்கும் இதில் உடம்பு வெட்டுவதில்லை. மந்தமாகி, வெறித்துப் பார்த்து, சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். டாக்டர் இசட்டின் கனவு நிலைக்குப் பக்கத்து வீடு. சிலருக்கு அது இன்பமாகவும் இருக்கும். நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வலிப்பின்போது எடுத்த ஸ்கேன்களும் பொட்டுப்பக்க மடலையும் ஹைப்போதாலமஸையும்தான் காட்டின. "குளிக்கிறப்ப ஒரு மாதிரி ஆயிடறானுங்க" என்று வீட்டில் ஒருவர் சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும். தண்ணீரின் சூட்டைக் குறைப்பதே பலருக்குப் பாதி மருந்து.

ஆனால் சொல்வது யார்? பார்த்தவர் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ. ஆஸ்பத்திரியில் பேசுவது அப்பாவோ மாமாவோ, "ஃபிட்ஸ் வந்துச்சுங்க" என்ற ஒற்றை வரியில். அதையும் வெளியே தெரியாமல் மறைக்கத்தான் பார்ப்போம். மறைக்கக் காரணமும் இருந்தது. அடிக்கடி வலிப்பு வருபவரின் கல்யாணம் செல்லாது என்று கேட்க இந்துத் திருமணச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. 'அல்லது வலிப்பு' என்ற சொற்களை எடுத்தது 1999-ல்தான். சட்டம் மாறி இத்தனை வருடம் ஆகியும் ஜாதகப் பேச்சில் அந்தச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. மறைக்கிற வீட்டில் சாட்சி பேசாது.

சாவிக்கொத்தை எடுக்க வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே இருங்கள்: எந்தக் கை முதலில், தலை எந்தப் பக்கம் திரும்பியது, வாய் என்ன செய்தது, முடிந்ததும் பேச்சு எப்போது வந்தது. காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தால் போதும். போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. டாக்டரிடம் போகும்போது, பார்த்தவரையே பேசச் சொல்லுங்கள்.