முடத்தெங்கும் தோட்டத்து வாத்தியாரும்

ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு நம் மொழி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறது. ஆசிரியராகத் தகாதவர்க்கும் அது நான்கு உவமைகள் தருகிறது. அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. வேலி கடந்து வளைந்துவிட்ட தென்னை, நீர் ஊற்றி வளர்த்தவனுக்குப் பயன்படாமல் அடுத்தவன் வளவில் காயை உதிர்க்கும். நல்லாசிரியனின் தகுதிகளுள் முதலாவதாகக் குலத்தை வைத்த அந்த நூலின் கருத்தை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் இந்த உவமை நமக்கு வேண்டும். இதைக் கையில் எடுத்துக்கொண்டு, தென்னையே வளராத ஒரு குளிர்நாட்டின் பள்ளிக்கூட வரலாற்றைப் பார்ப்போம்.

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் பாதையில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது கந்தப்பளை. சுற்றிலும் தேயிலை. 1903, 1904ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிக்கு வண்டி வந்துவிட்டது. கொழுந்து பறித்தவளின் பிள்ளைக்கு எழுத்துக் கற்பிப்பது தோட்டத்தின் கடமை என்று சட்டம் சொல்வதற்கோ 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் தாய்மொழிக் கல்விக்குத் தோட்டத் துரைமாரைப் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அக்கடமையை வலியுறுத்தியதோடு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் விதித்தது. பத்து மணிக்குப் பின்? சட்டத்தின் கருணை அந்த மணியோசையோடு முடிந்துவிட்டது.

இச்சட்டங்களின் நிழலில் வளர்ந்தவரே தோட்டத்து வாத்தியார். லயத்தை ஒட்டி ஓர் ஒற்றை அறை. அதில் எல்லா வகுப்புகளுக்கும் அவர் ஒருவரே. சம்பளம் கொடுப்பது தோட்டம். குடியிருக்கும் வீடு தோட்டத்தினுடையது. வேலையிலிருந்து நிறுத்தும் அதிகாரமும் தோட்டத்தினுடையதே. பிள்ளை சற்று வளர்ந்ததும் அதன் பெயர் பள்ளி இடாப்பிலிருந்து செக்ரோலுக்கு மாறியது. அந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே நின்றவர் வாத்தியார்.

முடத்தெங்கு இங்கேதான் முளைக்கிறது. வாத்தியாரின் சம்பளம் தொழிலாளியின் வியர்வையில் விளைந்தது. பயனோ, பணிந்து நடக்கும் அடுத்த தலைமுறைக் கூலியாகத் துரையின் வளவில் விழுந்தது. இதற்காக அந்த ஏழை உபாத்தியாயரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. மரத்தை வளைத்த கை வேறு. அந்தக் கைக்கு வளையாமல், மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களும், சம்பளக் கணக்கைப் படித்துக் காட்டியவர்களும் அவர்களிடையே இருந்தார்கள்.

நாட்டில் வீசிய புதுக்காற்றும் இம்மலைகளைத் தீண்டத் தயங்கியது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளியோ தோட்ட நிர்வாகத்தின் பிடியிலேயே இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தில் தோட்டங்கள் நாட்டுடைமையாயின. அதன் பின்னரே பள்ளிகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதற்குள் எத்தனை தலைமுறைகளின் கல்வி கருகிப் போயிற்று!

இந்த இருளில் இலட்சிய ஆசிரியர் என்று சொல்லத்தக்கவர் எவரும் தோன்றவில்லையா? கந்தப்பளைக்கு அப்பால், பல மலைகள் கடந்து, ஹட்டனில் ஒருவரைக் காண்கிறோம். ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் அவர். பாடத்தோடு நில்லாமல், தங்களைப் பற்றித் தாங்களே எழுதவும், அமைப்பாகத் திரளவும் மலையக இளைஞர்களைத் தூண்டினார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னைய பேச்சுக்கு ஒத்திவைத்தது. வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்திருந்த பிள்ளைகள் இரண்டு நாட்டவராயினர். பின்னாளில் சிவலிங்கமும் தமிழகம் சென்றார். அங்கும் நீலகிரியில் தவித்த தாயகம் திரும்பியோரிடையே உழைத்தார். 1999இல் மறையும் வரை அவருடைய மாணவர் வட்டம் பள்ளிச் சுவருக்குள் அடங்கவில்லை. நீர் ஊற்றியவர்களுக்கே நிழலும் காயும் தந்த மரம் அது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றுவிக்கப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்தவர்களே கரும்பலகை முன் நிற்கிறார்கள். இனி அவர்களை வளைக்கத் துரையின் கை தேவையில்லை. உயர்வு என்ற பெயரில் நகரம் வளைக்கலாம். பரீட்சைப் பெறுபேறு என்ற பெயரில், தேறக்கூடிய நான்கு பிள்ளைகள் மட்டுமே கண்ணில் படலாம். எனவே பழைய கேள்வி புதிதாக எழுகிறது: காய் எந்த வளவில் விழுகிறது?

புலமை வேண்டும், பொறுமை வேண்டும், சொல்வன்மையும் வேண்டும். இவை யாவும் இருந்தும், தான் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை மறந்தவர் நல்லாசிரியர் ஆகமாட்டார். நன்னூல் சொன்ன துலாக்கோலைக் கந்தப்பளைப் பிள்ளை நன்கு அறியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தன் தாயின் கூடை தராசில் ஏறுவதையும், கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறை கழிக்கப்படுவதையும் அது கண்டிருக்கிறது. அந்தத் தராசின் முள்ளைப் படிக்கவும், கழித்த கணக்கு சரியா என்று கேட்கவும் அப்பிள்ளைக்குக் கற்பிப்பவர் எவரோ, அவரே மலையகம் தேடும் ஆசிரியர்.