நார்த்திசுப் பெருக்கம் (சிறுநீரகம், இதயம்)

நார்த்திசுப் பெருக்கம் என்பது, கடுமையான அல்லது நீடித்த அழற்சியைத் தொடர்ந்து ஓர் உறுப்பில் கொலாஜன் முதலிய நார்ப்புரதங்கள் மிகுதியாகப் படிந்து, தழும்புத் திசு உருவாகும் நிகழ்வு ஆகும். தோலில் வெட்டுக்காயம் ஆறியபின் தங்கும் தழும்பு இதற்கு வெளியே தெரியும் எடுத்துக்காட்டு. இதே நிகழ்வு சிறுநீரகம், இதயம், கல்லீரல், நுரையீரல் ஆகிய உள்ளுறுப்புகளிலும் நடைபெறுகிறது. இது தனியொரு நோயன்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, நோய்த்தொற்று எனப் பல நோய்கள் சென்றடையும் பொதுவான முடிவு ஆகும்.

அழற்சி

அழற்சி என்பது காயத்திற்கோ கிருமிக்கோ உடல் காட்டும் எதிர்வினை ஆகும். சிவத்தல், வீங்கல், சூடாதல், வலித்தல் ஆகிய நான்கையும் இதன் அடையாளங்களாக முதலாம் நூற்றாண்டில் உரோமானிய எழுத்தாளர் செல்சசு குறிப்பிட்டார். காயம்பட்ட இடத்திற்கு முதலில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றைத் தொடர்ந்து பெருவிழுங்கணுக்கள் வந்து, இறந்த உயிரணுக்களை விழுங்கி அகற்றுகின்றன. இப்பணி முடிந்ததும் அழற்சி தணிய வேண்டும். காயப்படுத்திய காரணம் நீங்காவிடில் அழற்சியும் நீங்காது.

தழும்பு உருவாகும் விதம்

பெருவிழுங்கணுக்கள் துப்புரவுப் பணியோடு நில்லாமல், திசுவைச் சீரமைக்கும் சமிக்கைகளையும் வெளியிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீட்டா என்னும் புரதம். இது திசுக்களுக்கு இடையே அமைதியாக இருக்கும் நார் உயிரணுக்களைத் தூண்டுகிறது. தூண்டப்பட்டவை தசையைப் போல் சுருங்கும் தன்மையைப் பெற்று, கொலாஜனை மிகுதியாகச் சுரக்கின்றன. இத்தகைய உயிரணுக்களை, ஆறும் காயத்தில் உருவாகும் திசுவில் 1971இல் கபியானியும் அவருடன் பணியாற்றியோரும் விவரித்தனர்.

சிறு காயத்தில், பணி முடிந்தபின் இந்த உயிரணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். அழற்சி தொடர்ந்தால் அவை நிலைத்துவிடுகின்றன. படிந்த கொலாஜன் திசுவை விறைப்பாக்குகிறது. அவ்விறைப்பே நார் உயிரணுக்களை மேலும் தூண்டுகிறது. இவ்வாறு சுழற்சி தன்னைத்தானே வலுப்படுத்திக் கொள்கிறது.

சிறுநீரகத்தில்

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. பிறந்தபின் மனிதரில் புதிய நெஃப்ரான்கள் உருவாவதில்லை.

நீரிழிவிலோ உயர் இரத்த அழுத்தத்திலோ வடிகட்டும் தந்துகி முடிச்சு பழுதடையும்போது, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறது. கசிந்த புரதம் நெஃப்ரானின் குழாய்ச் சுவர் உயிரணுக்களைத் துன்புறுத்துகிறது. அவை வெள்ளையணுக்களை அழைக்கும் வேதிப்பொருள்களை வெளியிட, குழாய்களைச் சுற்றி அழற்சியும் பின்னர்த் தழும்பும் தோன்றுகின்றன. தழும்பு பரவும் இடங்களில் தந்துகிகள் குறைவதால் உயிர்வளி போதாமல் மேலும் உயிரணுக்கள் மடிகின்றன.

எஞ்சிய நெஃப்ரான்கள் இழந்தவற்றின் சுமையையும் ஏற்று மிகையாக வடிக்கின்றன. இதனால் அவையும் காலப்போக்கில் பழுதடைகின்றன. முதற்காரணம் நீங்கிய பின்னும் சிறுநீரகச் செயலிழப்பு தொடரக்கூடியது இதனாலேயே.

இதயத்தில்

இதயத் தசை உயிரணுக்கள் மிகக் குறைந்த அளவிலேயே புதுப்பிக்கப்படுகின்றன. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் மிகுந்த கரிமம்-14ஐக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வு, 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடே புதுப்பிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. எனவே இறந்த தசையின் இடத்தைத் தழும்பே நிரப்புகிறது. இதயத் தழும்பு இரு வகைப்படும்.

ஈடுசெய் தழும்பு: மாரடைப்பில் இறந்த தசைக்கு ஈடாக உருவாவது. சில வாரங்களில் உறுதிபெறும். இது உருவாகாவிடில் உள்ளிருக்கும் அழுத்தத்தால் இதயச் சுவர் கிழியக்கூடும். ஆகவே இத்தழும்பு உயிர்காப்பது. ஆயினும் அது சுருங்கி இரத்தத்தை உந்தாது.

இடைத்திசுத் தழும்பு: உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றில் தசைநார்களுக்கு இடையே மெல்லப் படர்வது. இதயம் விறைத்து, தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் திறன் குறைகிறது. மின்துடிப்பு செல்லும் பாதை தடைபட்டு இதயத் துடிப்புச் சீர்கேடும் ஏற்படலாம்.

வால்வுகளும் தழும்புறும். இசுட்ரெப்டோகாக்கசு கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து சிலருக்கு வாதக் காய்ச்சல் உண்டாகிறது. அதன் அழற்சி மீண்டும் மீண்டும் தாக்கும்போது ஈரிதழ் வால்வு தடித்து ஒட்டிக் குறுகுகிறது. தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் அளித்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம்.

இரு உறுப்புகளின் தொடர்பு

இரத்த ஓட்டம் குறைந்ததாக உணரும் சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரக்கிறது. அதன் விளைவாக ஆஞ்சியோடென்சின் II, ஆல்டோசுடீரோன் ஆகியவை பெருகுகின்றன. இவை இரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு, இரு உறுப்புகளிலும் அழற்சியையும் கொலாஜன் உருவாக்கத்தையும் தூண்டுகின்றன. ஓர் உறுப்பின் பழுது மற்றதைத் தாக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்டறிதல்

தொடக்க நிலையில் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் இராது. வடிதிறனில் ஏறத்தாழ பாதி குறையும் வரை இரத்தத்தின் கிரியேட்டினின் அளவு இயல்பாகவே தோன்றலாம். சிறுநீரில் ஆல்புமினைச் சோதிப்பது பாதிப்பை முன்னதாகக் காட்டும். சிறுநீரகத் தழும்பைத் திசு ஆய்வு மூலமும், இதயத் தழும்பைக் கடோலினியம் செலுத்தி எடுக்கும் காந்த ஒத்ததிர்வுப் படம் மூலமும் காணலாம்.

மருத்துவம்

இவ்விரு உறுப்புகளிலும் முதிர்ந்த தழும்பை அகற்றி இயல்பான திசுவை மீட்கும் மருந்து இல்லை. எனவே தழும்பு பரவுவதைத் தடுப்பதே மருத்துவத்தின் நோக்கம்.

* ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகள் இரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் குறைக்கின்றன.
* ஆல்டோசுடீரோனைத் தடுக்கும் இசுபைரோனோலாக்டோன், கடுமையான இதயச் செயலிழப்பு உடையோரின் இறப்பை 30 விழுக்காடு குறைத்ததாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது.
* நீரிழிவுக்கென வந்த டாபாகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாதோரிலும் நாட்பட்ட சிறுநீரக நோயின் வேகத்தைத் தணிப்பதாக 2020இல் அறியப்பட்டது.

அழற்சியை முற்றிலும் அடக்குவதும் தீங்கானது. மாரடைப்புக்குப்பின் தழும்பு உறுதிபெற ஓரளவு அழற்சி தேவை. இன்டர்லியூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப், முன்பு மாரடைப்பு வந்தோரில் இதய நிகழ்வுகளைக் குறைத்தாலும், உயிர்கொல்லும் நோய்த்தொற்றுகளை மிகுதியாக்கியதாக 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அழற்சியை அது தேவைப்படும் காலத்தில் விட்டு, நீடிக்கும்போது மட்டும் நிறுத்துவதே இத்துறை ஆய்வுகளின் முன்னுள்ள சிக்கல்.

இவற்றையும் பார்க்க

* அழற்சி
* நாட்பட்ட சிறுநீரக நோய்
* மாரடைப்பு
* வாதக் காய்ச்சல்