டேய், அரவிந்து!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நெருங்கும்போது, பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால் குயிலாப்பாளையம். ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் பலரும் கடந்துபோகிற ஊர். அங்கே டீக்கடையில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு அம்மா, ‘‘டேய் அரவிந்து, சாப்ட்டுப் போடா!’’ என்று கத்தினார். பையன் காதில் வாங்காமல் சைக்கிளை மிதித்தான்.

என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கொல்கத்தா பயணி, ‘‘அரவிந்து இல்லை, ஒரொபிந்தோ’’ என்று சிரித்தபடி திருத்தினார். அந்த அம்மா அசரவில்லை. ‘‘எம் புள்ள பேரு அரவிந்துதாங்க!’’

யார் சொன்னது சரி?

அரவிந்தம் என்றால் தாமரை. மன்மதனின் ஐந்து மலர் அம்புகளில் ஒன்று. தாமிரபரணிக் கரையில் இரட்டைத் திருப்பதிப் பெருமாளுக்கு அரவிந்தலோசனர் என்றே திருநாமம். ஆக, சொல் நமக்குப் பழசு. வங்காளி வாயில்தான் அது உருமாறுகிறது. அவர்களுக்கு ‘அ’ உருண்டு ‘ஒ’ ஆகிவிடும். ‘வ’ கிடையாது, ‘ப’தான். நம் விவேகானந்தர் அங்கே பிபேகானந்தோ!

இந்த ‘ஒ’வை ஆங்கிலத்தில் எழுத, ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரண்டு எழுத்துகளைப் போட்டார்கள். வந்தது வினை. அந்த இரண்டையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர் ‘ஓ’ என்பார். ஆகஸ்ட் என்று படித்துப் பழகிய நாம் ‘ஆ’ என்போம். 1968-ல் ஸ்ரீஅன்னை உருவாக்கிய நகரத்தின் பெயரில் அரவிந்தரும் இருக்கிறார், விடியலைக் குறிக்கும் ‘ஓரோர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் இருக்கிறது. பிரெஞ்சு வாயில் அது ஓரோவில். குயிலாப்பாளையத்தில் ஆரோவில். வேடிக்கை என்னவென்றால், வங்காள உச்சரிப்புக்குக் கிட்டே நிற்பவர் பிரெஞ்சுக்காரர். சமஸ்கிருதத்துக்குக் கிட்டே நிற்பவர் எதிர்வீட்டு அம்மா!

சரி, பெயருக்குச் சொந்தக்காரர் கதை என்ன?

1872 ஆகஸ்ட் 15, கொல்கத்தாவில் பிறந்தார். அப்பா கிருஷ்ணதன் கோஷ் டாக்டர். பிள்ளைகள் அசல் ஆங்கிலேயர்களாக வளர வேண்டும் என்பது அவர் வெறி. மகன் பெயருக்கு நடுவில் ‘ஆக்ராய்ட்’ என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் குடும்பப் பெயரைச் செருகினார். வீட்டில் வங்காளி பேச அனுமதி இல்லை. 1879-ல், ஏழு வயதில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். கொல்கத்தா நண்பர் பெருமையோடு சொன்ன அந்த ‘ஒ’, அரவிந்தருக்கே பிறகு படித்து வந்ததுதான்! இங்கிலாந்தை விட்டுக் கிளம்புமுன் ஆக்ராய்டைக் கழற்றி எறிந்தார். 1893-ல் பரோடாவுக்கு வந்த பிறகுதான் ஆசிரியர் வைத்துத் தாய்மொழியை ஒழுங்காகக் கற்றார்.

1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் வந்து இறங்கியதோ முற்றிலும் வேறு பெயரில். போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவ, ‘டூப்ளே’ கப்பலில் பொய்ப் பெயரில் டிக்கெட்! இரண்டு வருடம் முன்பே அங்கு வந்துவிட்ட பாரதி நண்பரானார். தமிழ் படிக்க உதவினார். ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் தரும் அளவுக்கு அரவிந்தர் தேறினார். நாமும் பெயருக்குப் பின்னால் மரியாதையாக ஒரு ‘ர்’ போட்டு அவரை நம்மவராக்கிக்கொண்டோம்.

ஆனால், தமிழ்நாட்டில் இத்தனை அரவிந்தன்கள் பிறந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை. 1960 வாக்கில் ‘கல்கி’யில் நா.பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ தொடராக வந்தது. நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி. வாரம் தவறாமல் படித்தவர்கள் பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பெயர்களையே வைத்தார்கள். அப்புறம் 1992-ல் ‘ரோஜா’. அரவிந்த்சாமி மாதிரி மாப்பிள்ளை வேண்டும் என்று சொல்லாத பெண் உண்டா அப்போது? ‘ன்’ உதிர்ந்து அரவிந்த் ஸ்டைலானது. வீட்டில் கூப்பிடும்போது மட்டும் ஓர் ‘உ’ வந்து ஒட்டிக்கொள்ளும். மெய்யில் முடிகிற வடசொல்லை நம் நாக்கு அப்படித்தான் வரவேற்கும். வடக்கே இதே பெயர் நடு எழுத்தை விழுங்கி அர்விந்த் ஆகியிருக்கிறது. அவர்களை யாரும் திருத்துவதில்லை!

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய கண் மருத்துவமனைக்கு அரவிந்தர் நினைவாகத்தான் அரவிந்த் என்று பெயர். 1992-ல் அவர்களே கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயர் ஆரோலேப். ஒரே குடும்பம், இரண்டு உச்சரிப்பு.

இதையெல்லாம் கொல்கத்தா நண்பரிடம் சொல்லிக்கொண்டே ஆரோவில்லுக்குள் நடந்தேன். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து போட்ட பளிங்குத் தாழி அங்கே இருக்கிறது. அதன் வடிவத்தைக் காட்டி, ‘‘இது என்ன?’’ என்றேன்.

தாமரை மொட்டு. அவர் சிரித்துவிட்டார். திரும்பும்போது குயிலாப்பாளையத்தில் அதே சைக்கிள் எதிரே வந்தது. ‘‘அரவிந்து!’’ என்று கூப்பிட்டது நானில்லை.