ஒற்றை ஆள் என்னும் புனைவு

கம்ப்யூட்டர் உலகத்துக்கும் ஒரு புராணம் உண்டு. ஓர் இளைஞன், ஓர் அறை, ஓர் இயந்திரம். ராவும் பகலும் கண்விழித்து, ஒண்ணுமில்லாததிலிருந்து ஓர் இணையச் செயலியைக் கட்டுகிறான், ஒருநாள் கோடீஸ்வரனாகிறான். இலக்கியத்தில் நாம் கேள்விக்குள்ளாக்கிய அதே 'ஆசிரியன்'தான் இவன். ரோலான் பார்த் 1960களிலேயே ஆசிரியனின் மரணத்தை அறிவித்துவிட்டார். செத்தவன் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டான்.

வரலாறு என்ன சொல்கிறது? 1990இன் இறுதி மாதங்களில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் அணு ஆராய்ச்சிக் கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை உலாவியையும் முதல் வலை சர்வரையும் எழுதினார். அந்த நிரலை எழுதியது அவர்தான். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 'ஒண்ணுமில்லாததிலிருந்து' என்பது பொய். கம்ப்யூட்டர்களை இணைக்கும் டிசிபி/ஐபி விதிமுறைகள் 1970களில் அமெரிக்க அரசுப் பணத்தில் உருவாகத் தொடங்கியவை. 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை டெட் நெல்சன் 1965இலேயே அச்சேற்றியிருந்தார். திரையில் ஜன்னலும் மெனுவும் அமைக்கும் கருவிகள் அவருடைய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரிலேயே தயாராக இருந்தன. அந்தக் கூடத்தை நடத்தியது ஐரோப்பிய அரசுகளின் பணம், அதாவது மக்களின் வரிப்பணம். நெக்ஸ்ட் அல்லாத மற்ற கம்ப்யூட்டர்களிலும் ஓடக்கூடிய எளிய உலாவியை எழுதியவர் நிக்கோலா பெல்லோ என்ற மாணவி. அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்த நிரல்களைப் பொதுவில் விட்டது. காசு வேண்டாம், அனுமதியும் வேண்டாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த ஒவ்வோர் ஒத்தை ஆளும் குடிசை போட்டது இந்தப் புறம்போக்கில்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கனடாவின் வான்கூவரில் இருந்த மார்கஸ் ஃபிரிண்ட். ஏஎஸ்பி.நெட் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியைக் கற்றுக்கொள்வதற்காக 2003இல் 'பிளெண்டி ஆஃப் ஃபிஷ்' என்ற துணைதேடும் தளத்தை எழுதினார். சில ஆண்டுகள் வீட்டிலிருந்தபடி தனியாகவே நடத்தினார். 2015இல் மேட்ச் குழுமம் அதை 57.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அவருடைய உழைப்பு நிஜம். ஆனால் விலைபோனது எது? வெறும் நிரல் வரிகளா? தங்கள் முகத்தை, வயசை, தனிமையை அங்கே எழுதிவைத்த லட்சக்கணக்கானவர்கள் இல்லையென்றால் அது காலி வீடு. வாசகர்கள் எழுதிய பிரதிக்கு ஆசிரியன் ராயல்டி வாங்கிக்கொண்டான்.

'தன்னந்தனியாக, முதலிலிருந்து' என்ற கதையாடல் யாருக்குத் தேவைப்படுகிறது? தனியுடைமைக்கு ஒரு தனியாள் வேண்டியிருக்கிறது. பலர் சேர்ந்து செய்தது என்று ஒப்புக்கொண்டால், லாபம் மட்டும் ஏன் ஒருத்தருக்குப் போகிறது என்ற கேள்வி வந்துவிடும். பெர்னர்ஸ்-லீயின் நிரலும் ஃபிரிண்டின் நிரலும் தனியாட்கள் எழுதியவைதாம். ஒன்று பொதுவுக்குத் திரும்பியது, மற்றது விலைக்குப் போனது. திறமையை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. தனியாக நிரல் எழுதுவது தப்பில்லை. புறம்போக்கில் வீடு கட்டிவிட்டு, பட்டாவை யார் பேரில் கேட்கிறோம் என்பதே அரசியல்.